கண் மருத்துவக் குழுவின் மிப்ஸ் அறிக்கை: மதிப்பெண் எங்கே முடிவாகிறது

கேள்வி இது: “சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இதுவரை ஏஆர், அதாவது வராத பில் தொகையைத் தொடரும் வேலை, பார்த்தேன். இப்போது அமெரிக்காவில் 8 கண் டாக்டர்கள் உள்ள ஒரு குழுவின் மிப்ஸ் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். டிசம்பரில் டேட்டா எடுத்து மார்ச் 31-க்குள் அனுப்பினால் போதும் என்கிறார் டீம் லீட். அவ்வளவுதானா? கண் மருத்துவத்துக்கென்று தனியாக எதையாவது கவனிக்க வேண்டுமா?”

அவ்வளவுதான் இல்லை. மிப்ஸ் என்பது டாக்டர்களுக்கு மதிப்பெண் போட்டு, அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் அவர்களுக்குத் தரும் தொகையை அதற்கேற்பக் கூட்டும் அல்லது குறைக்கும் திட்டம். டிசம்பரில் நீங்கள் டேட்டா எடுக்க உட்காரும்போது மதிப்பெண்ணில் பெரும்பகுதி முடிவாகியிருக்கும். செப்டம்பர் 30-க்குப் பிறகு நடக்கும் கேட்டராக்ட் (கண்புரை) அறுவை சில அளவைகளின், அதாவது தரத்தை அளக்கும் கேள்விகளின், கணக்கிலேயே வராது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் கிளையன்ட் எந்த அளவுள்ள குழு என்று பாருங்கள். மீதி எல்லாம் அதை வைத்துத்தான்.

மிப்ஸ் விதிகளில் 15 அல்லது அதற்குக் குறைவான கிளினிஷியன்கள் இருந்தால் சிறு குழு. “8 டாக்டர்கள்” என்று உங்களிடம் சொன்னவர் கண் அறுவை மருத்துவர்களை மட்டும் எண்ணியிருக்கலாம். மெடிகேரை நடத்தும் அரசு அமைப்பான சிஎம்எஸ் அப்படி எண்ணாது. அந்த வரி எண்ணின் கீழ், அதாவது டின்னின் கீழ், பில் செய்யும் என்பிஐ (ஒவ்வொரு கிளினிஷியனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எத்தனை என்று பார்க்கும். பார்வை பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளும் அதில் சேர்த்தி. 8 ஆப்தல்மாலஜிஸ்ட்டோடு 8 ஆப்டோமெட்ரிஸ்ட் இருந்தால் 16 ஆகிவிட்டது, சிறு குழு என்ற சலுகை போய்விட்டது. மிப்ஸுக்கான சிஎம்எஸின் கியூபிபி இணையதளத்தில் ஒவ்வொரு என்பிஐ எண்ணையும் போட்டுப் பாருங்கள். யாருக்கு மிப்ஸ் பொருந்துகிறது, குழு சிறியதா பெரியதா என்று அங்கேயே தெரியும். வாய்வார்த்தையை நம்பாமல் அந்தப் பக்கத்தை பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குப் பொருந்தும் என்பதில் மூன்று எண்கள். ஆண்டுக்கு பார்ட் பி (மெடிகேரில் டாக்டர் சேவைக்கான பகுதி) தொழில்முறைச் சேவைக் கட்டணம் 90,000 டாலருக்கு மேல், மெடிகேர் நோயாளிகள் 200-க்கு மேல், சேவைகள் 200-க்கு மேல். மூன்றையும் தாண்டினால் கட்டாயம். ஒன்றோ இரண்டோ தாண்டினால் விரும்பினால் சேரலாம். கண் மருத்துவத்தில் நோயாளிகளில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள் என்பதால் முழுநேர டாக்டர் யாரும் இந்த வரம்புக்குக் கீழே இருப்பது அபூர்வம். மெடிகேரில் புதிதாகப் பதிவு செய்தவருக்கு முதல் ஆண்டு விலக்கு உண்டு. வாரம் ஒரு நாள் வரும் ஆப்டோமெட்ரிஸ்ட் தனியாகப் பார்த்தால் வரம்புக்குள் வரமாட்டார். ஆனால் குழுவாக அறிக்கை கொடுத்தால் குழுவின் மதிப்பெண் அவருக்கும் ஒட்டும்.

இந்த ஏற்பாட்டின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015-இல் வந்த மேக்ரா சட்டம் பழைய கட்டணச் சூத்திரத்தை நீக்கி, தரத்தோடு பணத்தைக் கட்டியது. 2017 முதல் ஆண்டு. ஒரு ஆண்டின் செயல்பாடு இரண்டு ஆண்டு கழித்துப் பணத்தில் தெரியும்: 2025-இல் செய்தது 2027-இல் வரும் தொகையைக் கூட்டும் அல்லது குறைக்கும். தேறுவதற்கான மதிப்பெண் முதல் ஆண்டில் வெறும் 3. அப்புறம் 15, 30, 45, 60 என்று ஏறி 2022-இல் 75-க்கு வந்து நின்றுவிட்டது. 2028 வரை 75-தான் என்று அறிவித்துவிட்டார்கள்.

பணக் கணக்கைப் பார்த்தால் எதைத் துரத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று புரியும். 18.75-க்குக் கீழே போனால் அபராதம் முழு 9 சதவீதம். குழுவுக்கு மெடிகேர் தரும் தொகை ஆண்டுக்கு 6 லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டால் 54,000 டாலர் போகும். எதிர்ப்பக்கம்? சட்டத்தில் பரிசுக்கும் 9 சதவீதம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் பரிசுக்கான பணம் மற்றவர்கள் கட்டும் அபராதத்திலிருந்துதான் வர வேண்டும். தோற்றவர்கள் குறைவு என்றால் வென்றவர்களுக்குப் பங்கும் குறைவு. முதல் ஆண்டில் நூற்றுக்கு நூறு வாங்கியவருக்குக் கிடைத்தது 1.88 சதவீதம். 2022 செயல்பாட்டுக்கு மட்டும் 8.26 வரை போனது. அந்த ஆண்டோடு தனி போனஸ் நிதியும் முடிந்தது. 2023 செயல்பாட்டுக்கு உச்சம் 2.15-தான். அதே 6 லட்சத்தில் அது 12,900 டாலர்.

2021-இல் வெளியான ஓர் ஆய்வு, மிப்ஸ் வேலைக்காக ஒரு மருத்துவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 12,811 டாலர் செலவாகிறது என்று கணக்கிட்டது. அதனால் என் கருத்து: சிறு குழு 75-ஐப் பத்திரமாகத் தாண்டுவதைத்தான் இலக்காக வைக்க வேண்டும். 98-ஐ 100 ஆக்குவதற்காக டாக்டரைக் கூடுதலாக நான்கு கட்டங்களில் கிளிக் செய்ய வைப்பது வீண். இதை உங்கள் கிளையன்ட்டிடம் முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள், ஏனென்றால் பல நிறுவனங்கள் 100 என்ற எண்ணைக் காட்டித்தான் சேவையை விற்கின்றன.

விழித்திரை டாக்டர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து விலையும் இந்த 9 சதவீதத்தில் சேருமா? ஐலியா ஒரு டோஸின் பட்டியல் விலையே சுமார் 1,850 டாலர். மருந்தை டாக்டரே வாங்கி வைத்து, போட்டபின் பில் செய்கிறார். அந்தத் தொகையில் 9 சதவீதம் பிடித்தால் ஒவ்வொரு ஊசிக்கும் கைப்பணம் போகும். மேக்ரா சட்டத்தின் முதல் வாசகத்தில் அந்த ஆபத்து நிஜமாகவே இருந்தது. 2018 பட்ஜெட் சட்டம் அதைத் திருத்தி, கூட்டலும் கழித்தலும் தொழில்முறைச் சேவைக் கட்டணத்துக்கு மட்டும் என்று ஆக்கியது. மேலே சொன்ன 90,000 டாலர் கணக்கிலும் மருந்து விலை சேராது.

இனி மதிப்பெண். நான்கு பிரிவுகள்: தரம் 30, செலவு 30, ஈஎச்ஆர் (கணினியில் வைக்கும் நோயாளிப் பதிவேடு) பயன்பாட்டைப் பார்க்கும் பிஐ 25, மேம்பாட்டுச் செயல்கள் 15. இது பெரிய குழுவுக்கு. சிறு குழுவுக்கு பிஐ தானாகவே விலக்கப்படும். அப்போது தரம் 40, செலவு 30, செயல்கள் 30. செலவுப் பிரிவிலும் மதிப்பெண் வரவில்லை என்றால் தரம் 50, செயல்கள் 50. ஒரு எச்சரிக்கை: விலக்கு இருக்கும்போது யாரோ ஆர்வக்கோளாறில் பிஐ டேட்டாவை அனுப்பிவிட்டால் விலக்கு ரத்தாகி, அனுப்பியதற்கு மதிப்பெண் போடுவார்கள்.

செலவுப் பிரிவுக்கு நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம், கிளைமிலிருந்து அவர்களே கணக்கிடுவார்கள். கண் மருத்துவத்தில் இது பெரும்பாலும் கேட்டராக்ட் அறுவை பற்றியதுதான். நோயாளியின் மொத்தச் செலவைப் பார்க்கும் அளவையிலிருந்து ஆப்தல்மாலஜியும் ஆப்டோமெட்ரியும் விலக்கப்பட்டிருக்கின்றன. எனவே விழித்திரை, குளுக்கோமா மட்டும் பார்க்கும் குழுவுக்குப் பல நேரம் செலவு மதிப்பெண்ணே வராது. கேட்டராக்ட் அறுவைக்கான 66984 கோடு பில் செய்யும் குழுவுக்கு வரும். அறுவைக்கு 60 நாள் முன்பிருந்து 90 நாள் பின்புவரை அதோடு தொடர்புடைய செலவைக் கூட்டி, மற்ற அறுவை மருத்துவர்களோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு கண்ணா இரண்டு கண்ணா, தனி அறுவை மையமா மருத்துவமனையா என்று பிரித்துத்தான் ஒப்பிடுகிறார்கள் என்பதால் மருத்துவமனையில் அறுவை செய்பவர் அந்த ஒரு காரணத்துக்காகத் தண்டிக்கப்படுவதில்லை. 2024 செயல்பாட்டு ஆண்டு முதல் மதிப்பெண் முறையை மாற்றியதால் நடுத்தரச் செலவுள்ளவருக்கே 10-க்கு 7.5 போலக் கிடைக்கிறது. முன்பு இதைவிடக் குறைவு.

இப்போது கூட்டிப் பாருங்கள். சிறு குழு, கேட்டராக்ட் செய்கிறது, செலவு நடுத்தரம். செலவில் 22.5. மேம்பாட்டுச் செயல் 2025 முதல் சிறு குழுவுக்கு ஒன்றே ஒன்று போதும், 90 நாள் தொடர்ந்து செய்தால் முழு 30. ஆக 52.5 கைக்கு வந்துவிட்டது. 75-க்கு இன்னும் 22.5 தரத்திலிருந்து வர வேண்டும். தரப் பிரிவில் ஆறு அளவைகள், ஒன்றுக்கு 10 புள்ளி, ஆக 60. 40-க்கு 22.5 என்றால் அந்த 60-க்கு 33.75. சிறு குழுவுக்குத் தரப் பிரிவில் 6 புள்ளி இலவசமாகச் சேர்க்கிறார்கள், அதைக் கழித்தால் 27.75. ஆறு அளவைகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 4.6 புள்ளி. எட்டக்கூடிய எண்தான். செலவு மதிப்பெண் வராத விழித்திரைக் குழுவுக்கு இன்னும் எளிது: ஒரு அளவைக்கு 4 புள்ளி வந்தாலே 75 ஆகிவிடும்.

பெரிய குழுவுக்கு இந்த நிம்மதி கிடையாது. 20 நோயாளிகள்கூட இல்லாத அளவை, ஒப்பீட்டுத் தரவு இல்லாத அளவை, டேட்டா முழுமையில்லாத அளவை ஆகியவற்றுக்குச் சிறு குழு 3 புள்ளி வாங்கும், பெரிய குழுவுக்குப் பூஜ்யம். பிஐ பிரிவையும் 180 நாள் தொடர்ச்சியாகக் காட்ட வேண்டும். அதில் பாதுகாப்பு ஆபத்து மதிப்பீடு என்ற ஒரு வேலை அந்தக் காலண்டர் ஆண்டுக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் பிரிவு முழுவதும் பூஜ்யம், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும். குழு 16 ஆகிவிட்டதா என்று முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

தர அளவைகளுக்கு வருவோம், உங்கள் வேலை இங்கேதான் அதிகம். ஆறு அளவைகள் கொடுக்க வேண்டும், அதில் ஒன்றாவது விளைவைப் பார்க்கும் அளவையாக இருக்க வேண்டும். கண் மருத்துவம் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த துறை. வேறு பல துறைகளில் நோயாளி குணமானாரா என்பதை எண்ணில் சொல்ல முடியாது. இங்கே சார்ட்டில் பார்வை எண் இருக்கிறது, கண் அழுத்தம் இருக்கிறது. அளவை 191: கேட்டராக்ட் அறுவைக்குப் பின் 90 நாளுக்குள் பார்வை 20/40 அல்லது அதைவிட நன்றாக, நம் ஊர்க் கணக்கில் 6/12, வந்ததா? 389: லென்ஸ் கணக்கில் திட்டமிட்ட பவரும் கடைசியில் வந்த பவரும் எவ்வளவு நெருக்கம்? 384: விழித்திரை விலகலுக்கு அறுவை செய்தவரை 90 நாளுக்குள் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டி வந்ததா? இவை நிஜமான கேள்விகள். டாக்டர்களும் மதிக்கிறார்கள்.

எல்லாமே அப்படி என்று சொல்ல முடியாது. 141-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குளுக்கோமா நோயாளிக்குக் கண் அழுத்தம் குறிப்பிட்ட சதவீதம் குறைந்திருக்க வேண்டும், அல்லது குறையாவிட்டால் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று எழுதியிருக்க வேண்டும். அந்த “அல்லது” வந்தபின் கொஞ்சம் ஒழுங்காக எழுதும் எந்த டாக்டரும் நூற்றுக்கு நூறை நெருங்கிவிடுவார். எல்லோரும் நூறு வாங்கும் அளவையை உச்சம் தொட்டது என்று முத்திரை குத்தி, நாளடைவில் 10-க்குப் பதில் 7 புள்ளிக்கு மேல் தரமாட்டார்கள். அளவை தேர்ந்தெடுக்கும்போது “நம் சதவீதம் எவ்வளவு” என்று மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 99 சதவீதம் வாங்கிய அளவைக்கு 7-க்கும் குறைவாக வரலாம், 80 சதவீதம் வாங்கிய வேறொன்றுக்கு 9 வரலாம். ஆண்டுத் தொடக்கத்தில் வரும் ஒப்பீட்டு அட்டவணையைத் திறந்து, நம் சதவீதம் எந்தப் படியில் விழுகிறது என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

முதலில் சொன்ன செப்டம்பர் விஷயம். 191 போன்ற அளவைக்கு அறுவைக்குப் பின் 90 நாள் அவகாசம் தேவை. அதனால் ஜனவரி 1 முதல் செப்டம்பர் 30 வரை நடந்த அறுவைகளைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அக்டோபரில் விழித்துக்கொண்டு “இனிமேல் பார்வை எண்ணை ஒழுங்காகப் பதிவு செய்வோம்” என்றால் அந்த ஆண்டுக்குப் பலன் இல்லை.

அப்புறம் கோ-மேனேஜ்மென்ட். அமெரிக்காவில் அறுவை மருத்துவர் கேட்டராக்ட் செய்து 54 மாடிஃபையருடன் (பில் கோடோடு சேர்க்கும் குறியீடு) பில் செய்வார். அறுவைக்குப் பிந்தைய கவனிப்பை நோயாளியின் ஊர் ஆப்டோமெட்ரிஸ்ட் 55 மாடிஃபையருடன் எடுத்துக்கொள்வார். 191 கணக்கில் 55 போட்டவர் வரமாட்டார், அறுவை செய்தவர்தான் வருவார். ஆனால் இறுதிப் பார்வை எண் இருப்பதோ அந்த ஆப்டோமெட்ரிஸ்ட்டின் சார்ட்டில்! அவரிடமிருந்து ஃபேக்ஸில் வரும் கடிதத்தை யாரோ ஸ்கேன் செய்து ஈஎச்ஆரில் போட்டுவிடுவார்கள். ஸ்கேன் படத்துக்குள் இருக்கும் 20/25 எந்த மென்பொருளுக்கும் தெரியாது. கோ-மேனேஜ்மென்ட் அதிகம் செய்யும் குழு என்றால், வரும் கடிதத்தில் உள்ள பார்வையை உரிய கட்டத்தில் தட்டச்சு செய்ய ஓர் ஆளை ஜனவரியிலேயே நியமிக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த குழுக்களில் 191-இல் மதிப்பெண் போனதற்கு அறுவை சரியில்லாதது காரணமாக இருந்ததே இல்லை. எண் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். ஒரு குழுவில் டெக்னீஷியன்கள் பார்வையைக் குறிப்புப் பெட்டியில் வாக்கியமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் படிப்பதற்கு வசதி, மென்பொருளுக்கு ஒன்றுமே தெரியாது.

இதே கதைதான் அளவை 19-க்கும். நீரிழிவு விழித்திரை நோயாளியின் கண் பரிசோதனை முடிவை அவருடைய சர்க்கரை டாக்டருக்குத் தெரிவித்தோமா என்பது அளவை. கடிதம் போகிறது. கடிதம் போனது என்ற பதிவு கட்டத்தில் இல்லை. அந்தக் கடிதத்தில் நோயின் தீவிரமும் விழித்திரையின் மையமான மாக்குலாவில் வீக்கம் உண்டா இல்லையா என்பதும் இருக்க வேண்டும், “கண் பரிசோதனை செய்தோம்” என்று மட்டும் எழுதினால் போதாது.

டேட்டா முழுமை பற்றி ஒரு தவறான எண்ணம் நம் பக்கத்து டீம்களில் பரவலாக இருக்கிறது. மெடிகேர் திட்டம்தானே, மெடிகேர் நோயாளிகளை மட்டும் எடுத்தால் போதும் என்று. கிளைம் வழியாகக் கோடு போட்டு அனுப்பும் முறைக்கு மட்டும்தான் அது சரி. அந்த வழி சிறு குழுவுக்கு மட்டுமே, சில அளவைகளுக்கு மட்டுமே. ரெஜிஸ்ட்ரி (பல குழுக்களின் நோயாளி டேட்டாவைத் திரட்டும் தரவகம்) வழியாகவோ ஈஎச்ஆர் வழியாகவோ அனுப்பினால் எந்தக் காப்பீடானாலும் தகுதியுள்ள எல்லா நோயாளிகளிலும் குறைந்தது 75 சதவீதம் பேரின் விவரம் வேண்டும். நல்ல முடிவு வந்த 75 சதவீதத்தைப் பொறுக்கி எடுப்பதும் விதிமீறல்.

ரெஜிஸ்ட்ரி என்றால் கண் மருத்துவத்தில் ஐரிஸ்தான். அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2014-இல் தொடங்கியது. ஈஎச்ஆரோடு இணைத்தால் அதுவே டேட்டாவை இழுத்துக்கொள்ளும், பொது அளவைகளோடு கண் மருத்துவத்துக்கென்றே உருவாக்கிய சொந்த அளவைகளும் அதில் உண்டு. இணைத்துவிட்டோம், இனி அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் கிளையன்ட்டின் ஈஎச்ஆரில் எந்தக் கட்டம் ஐரிஸின் எந்த அளவைக்குப் போகிறது என்ற இணைப்பு ஒவ்வொரு குழுவுக்கும் வேறு. மாதம் ஒருமுறை டேஷ்போர்டைத் திறந்து, தோல்வி என்று காட்டும் பத்து நோயாளிகளின் சார்ட்டை நேரில் பாருங்கள். பத்தில் ஏழெட்டு பேருக்கு வேலை நடந்திருந்து எண் மட்டும் போய்ச்சேரவில்லை என்று தெரிந்தால் மேப்பிங்கைத் திருத்தச் சொல்ல நேரம் இருக்கும். மார்ச்சில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எம்விபி, அதாவது ஒரு துறைக்கென்று அளவைகளைத் தொகுத்துத் தரும் புதிய மிப்ஸ் முறை, பற்றி உங்கள் டீம் லீட் சீக்கிரம் கேட்பார். 2025 முதல் கண் மருத்துவத்துக்கு ‘கம்ப்ளீட் ஆப்தல்மாலஜிக் கேர்’ என்ற பெயரில் ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. ஆறுக்குப் பதில் நான்கு தர அளவைகள் போதும், ஒரு மேம்பாட்டுச் செயல் போதும். இப்போதைக்கு விருப்பம்தான், ஆனால் பழைய முறையை ஒருநாள் மூடிவிட்டு எல்லோரையும் இங்கே கொண்டுவர வேண்டும் என்பது சிஎம்எஸின் எண்ணம். நான்கு என்பது கேட்க எளிது. ஆனால் ஆறில் இரண்டு சொதப்பினால் தாங்கும், நான்கில் இரண்டு சொதப்பினால் தாங்காது. கேட்டராக்ட், விழித்திரை, குளுக்கோமா எல்லாம் கலந்த குழுவுக்கு நான் இன்னும் ஓர் ஆண்டு பழைய முறையில் இருந்துகொண்டே, எம்விபி அளவைகளில் நம் எண்கள் எப்படி வருகின்றன என்று ஓரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

கடைசியாக, உங்கள் கிளையன்ட் இந்த ஆண்டு புதிய டாக்டரைச் சேர்த்தால் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: முந்தைய இடத்தில் உங்கள் மிப்ஸ் மதிப்பெண் என்ன? இரண்டு ஆண்டுக்கு முன் வேறு டின்னில் வாங்கிய மதிப்பெண் என்பிஐயோடு சேர்ந்தே வரும், அந்த அபராதத்தைப் புதிய குழுவின் வரவில்தான் கழிப்பார்கள். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது, அனுப்பிய ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரமான சார்ட் பட்டியல், மேம்பாட்டுச் செயலின் ஆவணம், ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக ஒரு ஃபோல்டரில் 6 ஆண்டுகள் வைத்திருப்பது. தணிக்கைக் கடிதம் வரும்போது அந்த வேலையைச் செய்த ஆள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.